அந்த நோட்டு யார் கையெழுத்தில் இருக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 46. பதினோரு வருடம் குவைத்தில் வேலை பார்த்தேன். நான் அனுப்பிய பணத்தில்தான் ஊரில் மாடி வீடு எழும்பியது. பத்திரம் என் பெயரில். அம்மாவும் மனைவி, பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள். இப்போது பரஸ்பர சம்மதத்தில் பிரிகிறோம். ஒரு ரூபாய் சம்பாதிக்காத மனைவி வீட்டில் பாதி கேட்கிறார். ஜீவனாம்சம் தருகிறேன் என்றால் போதாதாம். வீடு கட்டிய கணக்கு நோட்டைக்கூடத் தர மறுக்கிறார். என்ன செய்வது?
- வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: கணக்கு நோட்டு என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அது ஏன் அவரிடம் இருக்கிறது? எழுதியது அவர் என்பதால்தானே?

எத்தனை மூட்டை சிமெண்ட் இறங்கியது, சனிக்கிழமை கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி எவ்வளவு என்று எழுதியவர் அவர். தளம் போட்டால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் வெடிப்பு விடும். காலையும் மாலையும் மாடியேறி அந்தத் தண்ணீரைப் பார்த்தது யார்? நீங்கள் குவைத்தில் இருந்தீர்கள். கீழே இறங்கி வந்து உங்கள் அம்மாவுக்குச் சோறு போட்டதும் அவர்தான். மேற்பார்வைக்கு ஒரு ஆளை வைத்திருந்தால் மாதாமாதம் சம்பளம் கொடுத்திருப்பீர்கள். மனைவி என்பதால் ஒரு ரூபாய் சம்பாதிக்காதவர் ஆகிவிட்டார். எழுதும்போது உங்களுக்கே கூசவில்லையா?

சட்டம் உங்கள் பக்கம் என்று யாரோ தைரியம் சொல்லியிருப்பார்கள். கோவா நீங்கலாக, மணவாழ்க்கையில் சேர்ந்த சொத்து தானாகவே ஆளுக்குப் பாதி என்று சொல்லும் சட்டம் நம் நாட்டில் இல்லைதான். ஆனால் 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு உங்கள் கதை மாதிரியே ஒன்று வந்தது. கணவர் சவூதியில், மனைவி ஊரில் குடும்பத்தைப் பார்த்தவர். வீட்டு வேலையும் சொத்து சேர்த்ததில் பங்குதான் என்று சொல்லி, மனைவிக்குச் சம பங்கு கொடுத்தது நீதிமன்றம். அது விவாகரத்து வழக்கு இல்லை, சரி. உங்கள் வக்கீல் அதைச் சொல்லி வருடக்கணக்கில் வாதாடலாம். பிள்ளைகள் வேடிக்கை பார்க்கட்டுமா?

ஜீவனாம்சம் அவர் இனிமேல் சாப்பிடுவதற்கு. பாதி வீடு, இதுவரை உழைத்ததற்கு. பிரிந்தாலும் இந்தக் கடன் உங்கள் தலையில்தான்.

அவருடைய நகை ஏதாவது இந்த வீட்டுக்குள் போயிருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை. போயிருந்தால் அதைத் தனியாகத் திருப்பிக் கொடுங்கள், பாதிக்குள் சேர்க்காதீர்கள். சீதனம் பெண்ணுக்கே சொந்தம் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லியாயிற்று.

கீழ்த்தளம் உனக்கு, மாடி எனக்கு என்று மட்டும் பிரிக்க வேண்டாம். ஒரே படிக்கட்டில் தினமும் முகத்தில் விழிக்க வேண்டிவரும். விலை மதிப்புப் போட்டுப் பாதியைப் பணமாகக் கொடுங்கள், முடியாவிட்டால் விற்றுப் பிரித்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் மனுவிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்.

நோட்டு அவரிடமே இருக்கட்டும். மொத்தச் செலவு தெரிய வேண்டுமென்றால் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.