தற்காப்புத் தொழில்நுட்பம்: கேள்வி – பதில்

கேள்வி: ராணுவத்தின் ரகசிய நெட்வொர்க்கை இணையத்தோடு சேர்க்காமல் தனியே வைத்துவிட்டால் போதாதா?

பதில்: போதாது. 2008-ல் அமெரிக்க ராணுவத்தின் ரகசிய நெட்வொர்க்குக்குள் வைரஸ் புகுந்தது, மேற்கு ஆசியத் தளம் ஒன்றில் மடிக்கணினியில் செருகிய பென்டிரைவ் வழியாக. தனித்திருக்கும் நெட்வொர்க்குக்கும் வரைபடமும் வானிலையும் மென்பொருள் அப்டேட்டும் போய்த்தான் ஆக வேண்டும். அதற்கு முறையான பாதை இல்லையென்றால் யாராவது பென்டிரைவை எடுப்பார்கள்.

அந்தப் பாதைதான் டேட்டா டையோடு. ஒரே ஓர் ஃபைபர் இழை; வெளிப்பக்கம் ஒளியை அனுப்பும் முனை மட்டும், ரகசியப் பக்கம் வாங்கும் முனை மட்டும். திரும்பி வர ஒளிக்கு வழியே கிடையாது. அமைக்கும்போது பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மின்சிக்னலை ஒளியாகவும் ஒளியை மின்சிக்னலாகவும் மாற்றும் சாதாரண ஃபைபர் கன்வெர்ட்டர்கள் பல, தம் வாங்கும் முனையில் ஒளி வராவிட்டால் இணைப்பு அறுந்துவிட்டதாகக் கருதி, அனுப்புவதையும் நிறுத்திவிடும். வெளிப்பக்கத்திலேயே இன்னொரு கன்வெர்ட்டரை வைத்து அதன் ஒளியை அனுப்பும் கன்வெர்ட்டரின் வாங்கும் முனைக்குக் கொடுங்கள். அந்த ஒளியை ரகசியப் பக்கத்திலிருந்து எடுத்தால் டையோடு போட்டதற்கே அர்த்தமில்லை.

தரவு அனுப்பும் வழக்கமான முறையான டிசிபி, ‘வந்து சேர்ந்தது’ என்ற ஒப்புகை கேட்கும் என்பதால் இங்கே ஒப்புகை கேட்காத யுடிபிதான். தொலைந்த பாக்கெட்டை (தரவுத் துண்டை) மறுபடி கேட்க முடியாது. பிழைதிருத்தத் தரவையும் கோப்பு மாறாமல் வந்ததா என்று சரிபார்க்கும் ஹாஷையும் சேர்த்தே அனுப்புங்கள். டையோடு ரகசியம் கசிவதைத்தான் தடுக்கும், உள்ளே வரும் வைரஸை அல்ல. ஆகவே அனுப்பும் முன் ஸ்கேன் செய்வது கட்டாயம்.

கேள்வி: இரண்டு முகாம்களுக்கு இடையே ஐபிசெக் டனல் (குறியாக்கம் செய்த இணைப்பு) போட்டோம். பிங் என்ற சோதனைச் செய்தி போகிறது, பெரிய கோப்பு மட்டும் நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: பாக்கெட் பருத்துவிட்டது. ஈதர்நெட்டில் வழக்கமான உச்ச அளவு 1500 பைட். டனல் முறையில் ஏஇஎஸ்-ஜிசிஎம் என்ற குறியாக்கம் சுமார் 55 பைட் சேர்க்கும். நடுவில் முகவரியை மாற்றும் நாட் இருந்தால் இன்னும் 8. பிங் சிறியது, நுழைந்துவிடும். கோப்பின் பாக்கெட்டுகள் நிரம்பி வருபவை. ‘துண்டாக்காதே’ என்ற குறியும் இருந்தால் ரவுட்டர் அதைக் கைவிட்டு, அனுப்பியவருக்கு ஐசிஎம்பி என்ற பிழை அறிவிப்புச் செய்தி தரும். பாதுகாப்பு என்று சொல்லி ஐசிஎம்பி முழுவதையும் ஃபயர்வாலில் அடைத்திருந்தால் அந்தச் செய்தி போய்ச் சேராது.

டனலின் எம்டியூவை (பாக்கெட்டின் உச்ச அளவை) 1400, டிசிபி எம்எஸ்எஸ்ஸை (அதற்குள் தரவின் உச்ச அளவை) 1360 என்று வையுங்கள். ‘பாக்கெட் பெரியது’ என்று சொல்லும் ஐசிஎம்பி வகை 3, குறியீடு 4-ஐ ஃபயர்வாலில் திறந்துவிடுங்கள்.

குரல் அழைப்புக்கு முன்னுரிமை கொடுத்த பிறகு கோப்பு மெதுவாகிறது என்றால் காரணம் வேறு. குறியாக்கம் முடிந்த பின் குரல் பாக்கெட்டுகள் முந்திவிட, பின்தங்கியவற்றை ‘பழையதை யாரோ திரும்ப அனுப்புகிறார்கள்’ என்று மறுமுனை தள்ளிவிடும். எவ்வளவு பின்தங்கினாலும் ஏற்கலாம் என்ற வரம்பு, அதாவது சாளரம், பல கருவிகளில் 64 பாக்கெட்தான். 1024 ஆக்குங்கள். அந்தக் காவலையே அணைத்துவிடும் யோசனை மட்டும் வேண்டாம்.

கேள்வி: எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரே குறியாக்கச் சாவி வைக்கலாமா?

பதில்: கூடாது. ஒரு கருவி எதிரி கையில் சிக்கினால் எல்லாருடைய பேச்சும் அவர் கையில். ஒரே சாவியை மறுபடி பயன்படுத்துவதும் ஆபத்து. சரியாகப் பயன்படுத்தினால் உடைக்கவே முடியாதது ஒருமுறைச் சாவி, அதாவது ஒருமுறைக்கு மேல் தொடக்கூடாத சாவி. சோவியத் தரப்பில் 1942-ல் அந்தச் சாவிகள் இருந்த பக்கங்கள் சில இருமுறை அச்சானதால், அவற்றால் மறைத்த செய்திகளில் ஒரு பகுதியை அமெரிக்கர்கள் படித்துவிட்டார்கள். ஒவ்வொரு கருவிக்கும் அதன் அடையாளத்தைக் காட்டும் தனி டிஜிட்டல் சான்றிதழ் கொடுங்கள். தொலைந்தால் அதை மட்டும் ரத்து செய்யலாம். தொடர்பு அறுந்து கிடக்கும் பிரிவுக்கு ரத்துப் பட்டியல் எந்த வழியில் போகும் என்பதை முன்பே எழுதி வையுங்கள்.