காணாமல் போன சாதிலிங்கம்: காண்ட்டை எந்த மொழிபெயர்ப்பில் படிப்பது?

கேள்வி: பள்ளியில் கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஜெர்மன் தத்துவவாதி இமானுவேல் காண்ட்டின் ‘கிரிட்டிக் ஆஃப் ப்யூர் ரீசன்’ நூலைப் படிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இணையத்தில் 349 ரூபாய்க்கு ஓர் ஆங்கிலப் பிரதி வாங்கினேன். யூடியூபில் பாடம் நடத்தும் ஒரு பேராசிரியர், “ஏ 100-ஐப் பாருங்கள்” என்று சொல்லி, சின்னபார் என்ற கனிமத்தை வைத்துக் காண்ட் தரும் எடுத்துக்காட்டை விளக்குகிறார். என் புத்தகத்தின் 100-ஆம் பக்கத்தில் அது இல்லை. முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. பக்கங்கள் விடுபட்ட பிரதியை என் தலையில் கட்டிவிட்டார்களா? படித்த வரையிலும் பாதிக்கு மேல் புரியவில்லை. ஜெர்மன் கற்றுக்கொண்டு மூலத்திலேயே படித்தால்தான் சரிப்படுமா?

பதில்: பக்கம் எதுவும் விடுபடவில்லை. ஜெர்மனும் கற்க வேண்டாம். ஆனால் உங்களிடம் இருக்கும் பிரதியை வைத்துக்கொண்டு அந்தப் பேராசிரியரின் பாடத்தைத் தொடர முடியாது. காரணத்தைச் சொல்கிறேன்.

காண்ட் இந்த நூலை இரண்டு முறை வெளியிட்டார். முதல் பதிப்பு 1781-இல் வந்தது, இரண்டாவது 1787-இல். இரண்டையும் ரீகா நகரத்து ஹார்ட்நாக் வெளியிட்டார். இரண்டாம் பதிப்பு என்றால் அச்சுப்பிழை திருத்திய பதிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். முன்னுரை புதிது, அறிமுகம் விரிவானது, நூலின் நடுநாயகமான ஒரு பகுதி அடியோடு மாற்றி எழுதப்பட்டது. அதனால் உலகம் முழுக்க இந்த நூலைப் படிப்பவர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். முதல் பதிப்பின் பக்க எண்ணுக்கு முன்னால் ‘ஏ’, இரண்டாம் பதிப்பின் பக்க எண்ணுக்கு முன்னால் ‘பி’. நல்ல மொழிபெயர்ப்புகளில் இந்த எண்கள் ஓரத்தில் அச்சாகியிருக்கும். ‘ஏ 51/பி 75’ என்றால் அந்த வரி இரண்டு பதிப்பிலும் உண்டு. வெறும் ‘ஏ 100’ என்றால் அது முதல் பதிப்பில் மட்டும். வெறும் ‘பி 131’ என்றால் இரண்டாவதில் மட்டும்.

இப்போது புரிந்திருக்கும். சின்னபார் 1781-இல் உண்டு, 1787-இல் இல்லை. நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். மொழிபெயர்த்தவர் பெயர் இல்லை, எந்த ஆண்டின் மொழிபெயர்ப்பு என்ற குறிப்பு இல்லை, ஓரத்தில் ஒரு எண்கூட இல்லை. நடையைப் பார்த்தால் 1855-இல் ஜே. எம். டி. மைக்கிள்ஜான் செய்த மொழிபெயர்ப்பு. அவர் இரண்டாம் பதிப்பைத்தான் மொழிபெயர்த்தார். காண்ட்டே எடுத்துவிட்ட பக்கத்தை அதில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

மைக்கிள்ஜான் மேல் எனக்குக் குறையில்லை. அவர் காலத்தில் அது பெரிய உழைப்பு. என் கோபமெல்லாம் அதை இன்று விற்கிறவர்கள் மேல். காப்புரிமை முடிந்த மொழிபெயர்ப்பு, குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. அதை அப்படியே எடுத்து, பளபளப்பான அட்டை போட்டு, மொழிபெயர்த்தவர் பெயரைத் தூக்கிவிட்டு விற்கிறார்கள். பெயரை ஏன் தூக்க வேண்டும்? பெயர் இருந்தால் நீங்கள் தேடிப் பார்ப்பீர்கள், நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் பழையது என்று தெரிந்துவிடும். இணையக் கடைகளும் இதற்குத் துணை போகின்றன. ஒரே தலைப்பு என்பதால் வெவ்வேறு மொழிபெயர்ப்புகளின் வாசகர் மதிப்புரைகளை ஒரே பக்கத்தில் சேர்த்துக் காட்டுகின்றன. “அருமையான மொழிபெயர்ப்பு, குறிப்புகள் பிரமாதம்” என்று யாரோ கேம்பிரிட்ஜ் பதிப்பைப் பாராட்டியிருப்பார். அதைப் படித்துவிட்டு நீங்கள் வாங்குவது வேறு புத்தகம். தத்துவ நூலை மொழிபெயர்த்தவர் பெயர் தெரியாமல் ஒருபோதும் வாங்காதீர்கள். நட்சத்திரங்களை எண்ண வேண்டாம். மாதிரிப் பக்கங்களைத் திறந்து, நடுப்பகுதியில் ஓரத்தில் ஏ, பி எண்கள் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் மேலே போகாதீர்கள்.

இதே வலையின் இன்னொரு முனை மேக்ஸ் முல்லர். ரிக் வேதத்தைப் பதிப்பித்த அதே மேக்ஸ் முல்லர்தான், முதல் பதிப்பின் நூற்றாண்டான 1881-இல் காண்ட்டை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். அவர் நேர்மாறாக முதல் பதிப்பை மூலமாக எடுத்துக்கொண்டு, இரண்டாம் பதிப்பில் மாறிய பகுதிகளைப் பின்னிணைப்பாக வைத்தார். பின்னிணைப்பு என்றதும் நம்மில் பலர் விட்டுவிடுவோம். இங்கே விட்டால் காண்ட்டின் முக்கியமான பக்கங்கள் போய்விடும்.

சரி, அந்தச் சின்னபார் விஷயம். மற்ற வேறுபாடுகளைப் பற்றி நீங்கள் இப்போது கவலைப்பட வேண்டாம். ஆனால் இந்த ஒன்றில் கொஞ்சம் நின்றாக வேண்டும், ஏனென்றால் நூலின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது.

சின்னபார் என்பது நம் ஊர் நாட்டுமருந்துக் கடையில் சாதிலிங்கம் என்று சொல்வது. பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது, சிவப்பு, கைக்கு நல்ல கனம். காண்ட் கேட்கிறார்: சாதிலிங்கம் ஒரு சமயம் சிவப்பாகவும் ஒரு சமயம் கறுப்பாகவும், ஒரு சமயம் லேசாகவும் ஒரு சமயம் கனமாகவும் இருந்தால் என்ன ஆகும்? ஆண்டின் மிக நீண்ட பகலில் நிலம் ஒரு முறை விளைச்சலாலும் இன்னொரு முறை பனியாலும் மூடிக்கிடந்தால்? சிவப்பைப் பார்த்ததும் கனம் நினைவுக்கு வருவதற்கு நம் மனதுக்கு வாய்ப்பே இருக்காது. ஒன்றைப் பார்த்து இன்னொன்றை நினைக்கும் பழக்கம் மனதில் உண்டாவதற்கே, நமக்குத் தோன்றும் பொருள்களில் ஏற்கெனவே ஓர் ஒழுங்கு இருந்தாக வேண்டும். அந்த ஒழுங்கு எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்வியிலிருந்துதான் அவர் தன் பெரிய வாதத்தைக் கட்டுகிறார்.

அந்த வாதப் பகுதிக்கு ‘டிடக்‌ஷன்’ என்று பெயர். முதல் பதிப்பில் அது ஏ 95 முதல் ஏ 130 வரை. இந்த ஆராய்ச்சிதான் தனக்கு எல்லாவற்றையும்விட அதிக உழைப்பு வைத்தது என்று முன்னுரையில் அவரே எழுதியிருக்கிறார். அப்படி உழைத்து எழுதியதை ஆறே ஆண்டில் எடுத்துவிட்டுப் புதிதாக எழுதினார். இரண்டாம் பதிப்பில் அது பி 129 முதல் பி 169 வரை. 1782-இல் கோட்டிங்கனில் வந்த ஒரு மதிப்புரை அவரை, பொருள்கள் மனதின் எண்ணங்களாக மட்டுமே உள்ளன என்ற தத்துவவாதி பர்க்லியோடு சேர்த்துப் பேசியது. வெளியுலகம் என்பது வெறும் மனத்தோற்றம் என்று காண்ட் சொல்வதாக அதற்கு அர்த்தம் ஆகிவிட்டது. அது அவரை ரொம்பவே உறுத்தியது. முதல் பதிப்பு வாதத்தில் மனம் எப்படி ஒவ்வொன்றாகப் பற்றுகிறது, எப்படித் திரும்பக் கொண்டுவருகிறது, எப்படி அடையாளம் காண்கிறது என்ற வர்ணனை இருக்கும். இரண்டாவதில் அந்த வர்ணனை ஒதுங்கி, ‘நான் நினைக்கிறேன்’ என்பது என் எண்ணங்கள் எல்லாவற்றோடும் சேர்ந்து வரக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற ஒரே புள்ளியிலிருந்து எல்லாம் தொடங்கும். தர்க்கம் இறுக்கமானது. முதல் முறை படிப்பவருக்குக் கைப்பிடிதான் குறைவு. எது மேல் என்று இன்றுவரை சண்டை நடக்கிறது. காண்ட்டுக்குப் பின் வந்த ஜெர்மன் தத்துவவாதி ஷோப்பன்ஹவர் முதல் பதிப்பின் பக்கம் நின்றார்.

உங்களுக்கு என் யோசனை: புத்தகம் முழுவதையும் இரண்டாம் பதிப்பின் வழியே படியுங்கள். இந்த ஓரிடத்தில் மட்டும் முதல் பதிப்பின் ஏ 95–110 வரை முதலில் படித்துவிட்டு, அப்புறம் இரண்டாம் பதிப்புக்கு வாருங்கள். அதற்கு இரண்டையும் அடுத்தடுத்து அச்சிட்ட மொழிபெயர்ப்பு வேண்டும்.

அப்படிப்பட்டவை இருக்கின்றன. 1929-இல் வந்த நார்மன் கெம்ப் ஸ்மித் பல தலைமுறைக்குக் காண்ட்டைக் கற்றுக்கொடுத்தது. காண்ட்டின் நீள வாக்கியங்களை அவர் உடைத்துத் தருவார், படிக்க இதம். சில இடங்களில் காண்ட்டைவிடத் தெளிவாகிவிடுகிறார் என்பதுதான் அதன் ஆபத்து. 1998-இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட பால் கையர், ஆலன் வுட் மொழிபெயர்ப்பு காண்ட்டின் வாக்கியத்தைக் கூடியவரை அப்படியே வைத்திருக்கிறது. காண்ட் தன் சொந்தப் பிரதியில் எழுதி வைத்த குறிப்புகளையும் சேர்த்திருக்கிறது. இன்றைய ஆய்வுகளில் பெரும்பாலும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். 1996-இல் வந்த வெர்னர் ப்ளூஹாரும் நல்ல உழைப்பு. காசு கொடுத்து ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் கேம்பிரிட்ஜ். விலை நீங்கள் கொடுத்ததைப் போலப் பல மடங்கு, மறுக்கவில்லை. பழைய கல்லூரி நூலகம் ஏதாவது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் கெம்ப் ஸ்மித்தைக் கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் அதிலேயே தொடங்கலாம்.

நூலகம் என்றதும் வயிறு எரிகிறது. பாடத்திட்டத்தில் ‘காண்ட்: கிரிட்டிக் ஆஃப் ப்யூர் ரீசன்’ என்று ஒரு வரி போடுகிறார்கள். எந்த மொழிபெயர்ப்பு, எந்தப் பதிப்பு, எந்தப் பக்கங்கள், எதுவும் கிடையாது. வாங்கும் பொறுப்பில் இருப்பவர் குறைந்த விலைக்குக் கொடுக்கிறவரிடம் வாங்குகிறார். அலமாரிக்கு வந்து சேர்வது பெயரில்லாத மறுபதிப்பு. மாணவன் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, புரியாமல் வைத்துவிட்டு, தேர்வுக்கான ‘நோட்ஸ்’ விற்கிறவரிடம் போகிறான். அந்த நோட்ஸில் பாருங்கள், ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹ்யூமைப் பற்றி காண்ட் சொன்ன ‘ஹ்யூம் என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பினார்’ என்ற வரி கிரிட்டிக்கில் இருப்பதாகப் போட்டிருக்கும். அது இருப்பது 1783-இல் வந்த ‘ப்ரொலெகோமினா’ என்ற வேறு நூலில். மூலத்தைப் புரட்டாதவர் எழுதி, புரட்டாதவர் மனப்பாடம் செய்து, புரட்டாதவர் மதிப்பெண் போடுகிறார். நீங்கள் தேர்வுக்காகப் படிக்கவில்லை. தயவுசெய்து இந்தச் சுருக்கப் புத்தகங்கள் பக்கமே போகாதீர்கள்.

இனி, புரியவில்லை என்ற கவலை. அது ஜெர்மன் தெரியாததால் வந்ததல்ல. ஜெர்மன் மொழியிலேயே சிந்தித்து எழுதிய, காண்ட் காலத்துத் தத்துவவாதி மோசஸ் மெண்டல்சோன் இந்த நூலை நரம்பின் சாரத்தையே உறிஞ்சும் நூல் என்று காண்ட்டுக்கே கடிதம் எழுதினார். காண்ட் அவருக்கு எழுதிய பதிலில், பன்னிரண்டு ஆண்டு யோசித்ததை நான்கைந்து மாதத்தில் அவசரமாக எழுதி முடித்ததாகவும், பொருளில் காட்டிய கவனத்தை நடையில் காட்டவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். மூலமே அப்படி. ஜெர்மன் கற்கச் செலவிடும் ஆண்டுகளை நல்ல மொழிபெயர்ப்பை இரண்டாம் முறை படிக்கச் செலவிடுங்கள்.

ஓர் இடத்தைக் காட்டுகிறேன், எது கடினம் என்பது தெரியும். ஏ 190/பி 235-இல் தொடங்கும் பகுதி. இது இரண்டு பதிப்பிலும் உண்டு, உங்கள் பிரதியிலும் இருக்கிறது, ‘செகண்ட் அனாலஜி’ என்ற தலைப்பின் கீழ். ஒரு வீட்டைப் பார்க்கிறேன். கூரையிலிருந்து அடித்தளம் வரை கண்ணை இறக்கலாம், கீழிருந்து மேலேயும் ஏற்றலாம். வரிசை என் இஷ்டம். ஆற்றோட்டத்தில் ஒரு கப்பல் இறங்குவதைப் பார்க்கிறேன். முதலில் மேலே, பிறகு கீழே. இந்த வரிசையை நான் மாற்ற முடியாது. இரண்டிலும் எனக்குக் கிடைப்பது ஒன்றன்பின் ஒன்றாக வரும் காட்சிகள்தான். அப்படியிருக்க, ஒன்றை ‘நிற்கும் வீடு’ என்றும் மற்றதை ‘நடந்த நிகழ்ச்சி’ என்றும் எப்படிப் பிரிக்கிறேன்? வரிசை ஒரு விதிக்குக் கட்டுப்பட்டது என்று கொண்டால்தான் பிரிக்க முடியும் என்கிறார் காண்ட். காரணம்–விளைவு என்பது இங்கேதான் நுழைகிறது. இதில் எந்த வார்த்தையும் கடினமில்லை. கேள்வி கடினம். நான்கு பக்கத்தை ஒரு வாரம் வைத்துப் படித்தாலும் அது மெதுவான வேகம் இல்லை.

முதலில் ‘ப்ரொலெகோமினா’வைப் படித்துவிடுங்கள். கிரிட்டிக்கை யாரும் சரியாகப் படிக்கவில்லை என்ற ஆதங்கத்தில் காண்ட்டே எழுதிய சிறு நூல். கேம்பிரிட்ஜில் கேரி ஹாட்ஃபீல்டின் மொழிபெயர்ப்பு நன்றாக இருக்கிறது. அதன் பிறகு கிரிட்டிக்கின் இரண்டாம் பதிப்பு முன்னுரை, அப்புறம் அறிமுகம். அறிமுகத்தில் பி 15-இல் ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்ற கணக்கு வரும். ஏழையும் ஐந்தையும் எவ்வளவு அலசினாலும் பன்னிரண்டு அதற்குள்ளிருந்து வராது, விரலையோ புள்ளிகளையோ துணைக்கு எடுத்து ஒவ்வொன்றாகக் கூட்டத்தான் வேண்டும் என்கிறார். பிள்ளைகளுக்குக் கூட்டல் சொல்லிக்கொடுத்த உங்களுக்கு இந்தப் பத்தியோடு சண்டை போட நிறைய இருக்கும், போடுங்கள். இந்தப் பத்தி அறிமுகத்தில் சேர்ந்தது இரண்டாம் பதிப்பில்தான், ஆகவே உங்கள் 349 ரூபாய்ப் பிரதியிலேயே படிக்கலாம்.

அந்தப் பிரதியைத் திருப்பி அனுப்பும் கெடு முடியவில்லை என்றால், வாங்கிய பக்கத்தை மறுபடி திறந்து பாருங்கள். அங்கே வேறு மொழிபெயர்ப்பாளர் பெயரோ, வேறு பதிப்பின் மாதிரிப் பக்கங்களோ காட்டியிருந்தால் அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, ‘விவரித்த பொருள் வரவில்லை’ என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்துத் திருப்புங்கள். ‘பிடிக்கவில்லை’ என்று போட்டால் பணம் திரும்புவது கஷ்டம்.