கோபியிலிருந்து எழுதிய தம்பிக்கு

தம்பி, பொறியியல் கலந்தாய்வுக்கான கட்ஆஃப் மதிப்பெண் 178, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி கிடைக்காவிட்டால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் மனம் கனத்துவிட்டது. எனக்கும் கேட்ட இடம் கிடைக்கவில்லை. தடப்பள்ளி வாய்க்கால் கரையில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. சோற்றைப் போட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொன்னார்.

கலந்தாய்வில் கொடுக்கும் விருப்பப் பட்டியலை ஒரே கல்லூரியோடு நிறுத்திவிடாதீர்கள். எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம்; ஈரோடு அரசு பொறியியல் கல்லூரியையும் எழுதுங்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்தால், அதை ஏற்றுக்கொண்டே, பட்டியலில் அதற்கு மேலே எழுதிய விருப்பத்துக்கும் காத்திருக்கலாம். குறித்த நாளுக்குள் உறுதிசெய்வது மிக முக்கியம்.

இன்றிரவே பட்டியலோடு அப்பாவின் பக்கத்தில் உட்காருங்கள். அவரும் தூங்கியிருக்க மாட்டார்.