ஸ்மித் என்ற பெயருக்கு என்ன அர்த்தம், ஏன் இத்தனை பேருக்கு அந்தப் பெயர்?

ஸ்மித் என்றால் கொல்லர். நம் மொழியில் வெறுமனே கொல்லர் என்றால் இரும்பு வேலை செய்பவர், முன்னால் 'பொன்' சேர்த்தால் பொற்கொல்லர். ஆங்கிலத்திலும் அதே கதைதான், தங்க வேலை செய்தவர் கோல்ட்ஸ்மித். 'அடிப்பது' என்று பொருள்படும் ஸ்மைட் என்ற சொல்லிலிருந்து வந்தது என்று நிறைய பேர் எழுதுகிறார்கள், அது தவறு. பழைய ஆங்கிலத்தில் இது கைவினைஞரைக் குறித்த சொல்.

சரி, ஏன் இத்தனை ஸ்மித்? இங்கிலாந்தில் குடும்பப் பெயர்கள் நிலைபெற்றது 1066-க்குப் பிந்தைய சில நூற்றாண்டுகளில். ஒரு ஊரில் நாலு ஜான் இருந்தால், பட்டறையில் துருத்தி ஊதி லாடம் அடிக்கிற ஜானை ஜான் ஸ்மித் என்றார்கள். கலப்பைக் கொழு, ஆணி, கதவுக் கீல் எல்லாவற்றுக்கும் கொல்லர் வேண்டும், அதனால் ஊருக்கு ஊர் ஒரு ஸ்மித் கிடைத்துவிட்டார், பிறகு மகன் வேறு தொழிலுக்குப் போனாலும் பெயர் கூடவே போனது. அமெரிக்காவின் 2010 கணக்கெடுப்பில் மட்டும் 24 லட்சத்துக்கும் மேல். ஜெர்மனியின் ஷ்மிட், ஹங்கேரியின் கோவாச், அரபியின் ஹத்தாத், எல்லாம் கொல்லர்தான், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

அப்புறம், மரியாதையாக அழைக்கும்போது மிஸ்டர் ஸ்மித் என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்டீவ் ஸ்மித்தை 'மிஸ்டர் ஸ்டீவ்' என்பது நம் ஊர்ப் பழக்கம், அங்கே வழக்கமில்லை.