இரண்டு பேர் நட்பு முறிந்தால் மற்றவர்களின் உறவும் ஏன் மாறுகிறது?

"பிரிவது இருவர்தானே, மற்றவர்களுக்கு என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். நடுவில் மாட்டிக்கொள்ளும் பொது நண்பர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள்.

மானுடவியலாளர் வேய்ன் சாக்கரி 1977இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கராத்தே சங்கம், 34 பேர். பயிற்சிக் கட்டணத்தை உயர்த்துவதில் பயிற்சியாளருக்கும் தலைவருக்கும் தகராறு முற்றி, சங்கமே இரண்டானது. யார் யாரோடு வெளியிலும் பழகினார்கள் என்ற வரைபடத்தை வைத்தே, ஒருவரைத் தவிர எல்லோரும் போன பக்கத்தைச் சாக்கரியால் சொல்ல முடிந்தது. நட்பு இழைகள் மெலிந்திருந்த இடத்தில்தான் விரிசல் ஓடியது.

அந்த ஒருவர் தலைவர் பக்கம் சற்றே சாய்ந்தவர். ஆனால் கறுப்புப் பட்டைத் தேர்வுக்கு 3 வாரமே இருந்ததால் பயிற்சியாளரோடு போனார். இதைப் படித்தபோது மனசு கனத்தது.

இரு கூட்டங்களை இணைக்கும் நட்பைத் தாங்கிப்பிடிக்கப் பொது நண்பர்கள் குறைவு. அதனால் அது எளிதில் அறுந்துவிடுகிறது. அதன் வழியே வந்த செய்திகளும் நின்றுபோகின்றன.