மின் ஸ்கூட்டரும் வீட்டு எர்த்தும்

கேள்வி: சார்ஜ் ஆகும்போது ஸ்கூட்டரின் உலோகப் பகுதியைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. பிளக்கில் எர்த்தை நியூட்ரலுடன் இணைத்துவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். செய்யலாமா?
- வாசகர், காட்பாடி

பதில்: கூடவே கூடாது. மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி எங்காவது அறுந்தால் வண்டியின் உலோகப் பகுதி முழுவதிலும் 230 வோல்ட் ஏறிவிடும். அந்தப் பிளக்கில் சார்ஜ் செய்வதை உடனே நிறுத்துங்கள். எர்த் சரியில்லாததால் ஷாக் அடிக்கக்கூடும். வேலூர் வெயிலில் மண் வறண்டால் எர்த்தின் மின்தடை கூடும் என்பதால் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றும் பழைய வழக்கம் நல்லதே. ஆனால், எர்த் கம்பியே துருப்பிடித்து அறுந்திருந்தால் எத்தனை குடம் ஊற்றியும் பயனில்லை. உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து எர்த் டெஸ்டரால் அளக்கச் சொல்லுங்கள். சார்ஜருக்குத் தனி வயரிங்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அவசியம். எர்த் இல்லாத இடத்தில், பெரும்பாலும் யாராவது தொட்ட பிறகுதான் அந்த ஆர்.சி.சி.பி. துண்டிக்கும்.