இரண்டு மாநாடுகள் நிராகரித்த கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பலாமா?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். மார்பு எக்ஸ்ரே படங்களிலிருந்து நிமோனியாவைக் கண்டறியும் ஆழ்கற்றல் மாதிரி ஒன்றைப் பற்றி நாங்கள் எழுதிய கட்டுரையை இரண்டு மாநாடுகள் நிராகரித்துவிட்டன. முந்தைய முறைகளைவிட எங்கள் முறையின் துல்லியம் 0.8 சதவீதப் புள்ளி கூடுதல். இதைச் செயற்கை நுண்ணறிவு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்ப விரும்புகிறேன். எந்த இதழைத் தேர்ந்தெடுப்பது? 30 சதவீதம் புதிதாகச் சேர்க்க வேண்டும் என்கிறார்களே, அது எனக்கும் பொருந்துமா? மதிப்பாய்வுக்கு முந்தைய வரைவுகளை எவரும் படிக்க வெளியிடும் ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் முன்வரைவை ஏற்றியிருப்பது தடையாகுமா? ஆங்கிலத்தைச் செம்மைப்படுத்த மொழி மாதிரியின் உதவியைப் பெற்றதைச் சொல்ல வேண்டுமா? கட்டணம் செலுத்தினால் பத்தே நாளில் வெளியிடுவதாக ஓர் இதழிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. அதை நம்பலாமா?

பதில்: எந்த இதழ் என்பதை முதலில் கேட்டிருக்கிறீர்கள். அதைச் சற்றுத் தள்ளிவைத்து, உங்கள் கட்டுரை எதைக் கூறுகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். இதழ்த் தேர்வு, சோதனைகள், முகப்புக் கடிதம், பின்னர் மதிப்பாய்வாளர்களுக்கு எழுதும் பதில் ஆகிய எல்லாமே அந்த ஒரு கூற்றைப் பிடித்துக்கொண்டுதான் வருகின்றன.

அதற்கு முன், நிராகரிப்புகளைப் பற்றி. இன்று நியூரிப்ஸ் என்று அழைக்கப்படும் இயந்திரக் கற்றல் மாநாட்டில் 2014ஆம் ஆண்டு 166 கட்டுரைகளை இரண்டு குழுக்களிடம் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 43 கட்டுரைகளுக்கு இரு குழுக்களும் எதிரெதிரான முடிவைச் சொல்லின. ஆகவே நிராகரிக்கப்பட்டதாலேயே கட்டுரை தகுதியற்றது என்று ஆகிவிடாது. இருந்தாலும் இரண்டு மாநாடுகளிலிருந்தும் வந்த குறிப்புகளை அருகருகே வைத்துப் படியுங்கள். ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒரே குறையைச் சுட்டியிருந்தால், ஆய்விதழின் மதிப்பாய்வாளரும் அதையே சுட்டுவார். ஆய்வு வட்டம் சிறியது. முன்பு படித்த அதே ஆளிடமே கட்டுரை மீண்டும் போய்ச் சேர்வதும் உண்டு. தாம் சொன்ன எதுவும் திருத்தப்படாமல் வந்திருப்பதைக் கண்டால், அடுத்த பக்கங்களை அவர் நம்பிக்கையோடு படிக்க மாட்டார்.

இனி அந்த 0.8 புள்ளிக்கு வருவோம். நீங்கள் எந்தத் தரவுத் தொகுப்பைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதவில்லை. இத்துறையில் பெரிதும் புழங்கும் செஸ்ட்எக்ஸ்ரே14 தொகுப்பையே எடுத்துக்கொள்கிறேன். அதில் 30,805 நோயாளிகளின் 1,12,120 படங்கள் உள்ளன. அதாவது ஒருவருக்குச் சராசரியாக மூன்றுக்கும் மேற்பட்ட படங்கள். படங்களைக் கலைத்துப்போட்டு எண்பதுக்கு இருபது என்று பிரித்தால், ஒரே நோயாளியின் ஒரு படம் பயிற்சித் தரவிலும் இன்னொரு படம் சோதனைத் தரவிலும் போய் விழும். அப்போது மாதிரி நோயை அடையாளம் காண்கிறதா, ஆளையே அடையாளம் காண்கிறதா என்பதை யாராலும் சொல்ல முடியாது. பிரிவினை நோயாளிவாரியாக நடந்திருக்க வேண்டும். அது எவ்வாறு நடந்தது என்பது கட்டுரையில் வெளிப்படையாக இருக்க வேண்டும். உங்கள் நிரலில் அந்தப் பிரிவினையைச் செய்யும் வரிகளை இன்றே திறந்து பாருங்கள். அங்கே பிழை இருந்தால் இதழைப் பற்றிப் பேசுவதற்கே இடமில்லை.

அதே தொகுப்பில் நிமோனியா என்ற குறிப்புள்ள படங்கள் ஏறத்தாழ 1,400 மட்டுமே. எந்தப் படத்தைக் காட்டினாலும் "நிமோனியா இல்லை" என்று சொல்லும் ஒரு நிரல்கூட அங்கே 98 சதவீதத்துக்கு மேல் துல்லியம் காட்டிவிடும். எனவே துல்லியம் என்ற ஓர் எண்ணை மட்டும் தூக்கிப் பிடிக்கும் கட்டுரையை மருத்துவப் படிம ஆய்வு தெரிந்தவர் முதல் வாசிப்பிலேயே ஒதுக்கிவிடுவார். நோயுள்ளவர்களில் எத்தனை பேரைச் சரியாகப் பிடித்தது, நோயில்லாதவர்களில் எத்தனை பேரை வீணாகச் சந்தேகித்தது என்பவற்றைத் தனித்தனியே தர வேண்டும். மேலும், அத்தொகுப்பின் நோய்க் குறிப்புகள் மருத்துவ அறிக்கைகளிலிருந்து மென்பொருள் தானாகப் பிரித்தெடுத்தவை. அவற்றிலேயே பிழைகள் உண்டு. குறிப்புகளில் உள்ள பிழையைவிடச் சிறியதாக உங்கள் முன்னேற்றம் இருந்தால், கதிரியல் மருத்துவர்கள் நேரில் பார்த்துக் குறித்த சிறு தொகுதி ஒன்றிலாவது அதைச் சோதித்துக் காட்டுங்கள்.

மூன்றாவதாக, எத்தனை முறை ஓட்டினீர்கள்? உதாரணத்துக்கு, பழைய முறை 90.4, உங்கள் முறை 91.2 என்று வைத்துக்கொள்வோம். பயிற்சியின் தற்செயல் தொடக்கத்தைத் தீர்மானிக்கும் எண்ணான ரேண்டம் சீடை மட்டும் மாற்றி உங்கள் மாதிரியை ஐந்து முறை பயிற்றுவித்தபோது 91.4, 90.1, 92.0, 90.6, 91.9 என்று வந்திருந்தால், சராசரி 91.2தான். ஆனால் அவற்றில் ஒன்று பழைய முறைக்கும் கீழே இருக்கிறது. பழைய முறையையும் இவ்வாறே ஐந்து முறை ஓட்டிப் பார்க்காமல் "விஞ்சுகிறது" என்று எழுத முடியாது. முயன்று தவறி, கிடைக்கும் வெகுமதியைக் கொண்டு மாதிரி கற்கும் வலுவூட்டல் கற்றல் துறையில் 2018இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே நிரலை ஒரே அமைப்புகளோடு பத்து முறை ஓட்டி, முடிவுகளை ஐந்தைந்தாகப் பிரித்துச் சராசரி எடுத்தபோது, இரண்டும் வெவ்வேறு முறைகளின் முடிவுகளைப்போல் விலகி நின்றன. உங்கள் துறை வேறு என்றாலும் கேள்வி அதேதான். கட்டுரைக்கான உழைப்பில் பெரும்பங்கை இந்த இடத்தில் செலவிடுங்கள் என்பது என் உறுதியான ஆலோசனை. ஒவ்வொரு பாகமாக நீக்கிப் பார்க்கும் அப்லேஷன் சோதனையும், பிறர் ஓட்டிப் பார்க்கக்கூடிய நிரலும் இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இவற்றைச் செய்து முடித்தபின் கட்டுரையின் மையக் கூற்றை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். "எங்கள் மாதிரி நிமோனியாவைக் கண்டறிவதில் எல்லா முறைகளையும் விஞ்சுகிறது" என்ற வாக்கியத்துக்குச் சான்று திரட்டுவது ஏறக்குறைய முடியாத காரியம். "நோயாளிவாரியாகப் பிரித்த தரவில், பயிற்சிப் படங்கள் குறைவாக இருக்கும் நிலையில், எங்கள் முறை தவறவிடும் நோயாளிகளின் எண்ணிக்கை குறைகிறது, படங்கள் பெருகும்போது அந்த வேறுபாடு மறைகிறது" என்பது அடக்கமான வாக்கியம், ஆனால் அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஓர் அட்டவணையை நிறுத்த முடியும். இரண்டாவது வகை வாக்கியமே ஆய்விதழில் நிலைக்கும்.

இப்போது இதழ்களைப் பார்ப்போம். 1993இல் தொடங்கிய ஜர்னல் ஆஃப் ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் ரிசர்ச், 2000இல் தொடங்கிய ஜர்னல் ஆஃப் மெஷின் லேர்னிங் ரிசர்ச், 2022இல் இயங்கத் தொடங்கிய டிரான்ஸாக்ஷன்ஸ் ஆன் மெஷின் லேர்னிங் ரிசர்ச் ஆகிய மூன்றும் எழுதுபவரிடமும் வாசிப்பவரிடமும் கட்டணம் வாங்குவதில்லை. இவற்றுள் கடைசியாகச் சொன்ன இதழ் மதிப்பாய்வாளர்களிடம் முக்கியமாக இரண்டு கேள்விகளை முன்வைக்கிறது: கூற்றுகளுக்குப் போதிய சான்று இருக்கிறதா, இதை அறிய விரும்புவோர் துறையில் சிலராவது இருக்கிறார்களா என்பவை. முன்னேற்றம் சிறியது என்பதே அங்கு நிராகரிக்கக் காரணமாகாது. முறையில்தான் உங்கள் புதுமை இருக்கிறது என்றால் உங்களுக்குப் பொருத்தமான முதல் வாசல் அது என்று கருதுகிறேன். ஆனால் அங்கே கட்டுரையும் மதிப்பாய்வுகளும் ஓப்பன்ரிவ்யூ தளத்தில் எல்லோர் பார்வைக்கும் வரும். இணையாசிரியர்கள் அதற்குச் சம்மதிக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாறாக, கட்டுரையின் பலம் மருத்துவப் பயனில் இருந்தால், மெடிக்கல் இமேஜ் அனாலிசிஸ் போன்ற மருத்துவப் படிம இதழே ஏற்றது. 1970 முதல் வரும் ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் போன்ற பொது இதழுக்கு அனுப்பினால், எக்ஸ்ரேவைத் தாண்டிச் செயற்கை நுண்ணறிவுக்கு இதனால் என்ன தெளிவு கிடைக்கிறது என்ற கேள்விக்குக் கட்டுரையிலேயே விடை இருக்க வேண்டும். எது பொருந்தும் என்று இன்னும் குழப்பமாக இருந்தால், உங்கள் மேற்கோள் பட்டியலை எடுத்து, நீங்கள் உண்மையிலேயே விவாதித்திருக்கும் பத்துக் கட்டுரைகள் எங்கே வெளிவந்தன என்று பாருங்கள். உங்கள் வாசகர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

30 சதவீத விதி உங்களுக்குப் பொருந்தாது. மாநாட்டுத் தொகுப்பில் ஏற்கெனவே வெளியான கட்டுரையை விரிவாக்கி அனுப்புவோரிடம் சில இதழ்கள் எதிர்பார்க்கும் அளவு அது. நிராகரிக்கப்பட்ட கட்டுரை வெளியான கட்டுரை ஆகாது. முன்வரைவை ஆர்க்கைவில் ஏற்றியிருப்பதையும் இத்துறையின் முதன்மையான இதழ்கள் தடையாகக் கொள்வதில்லை. ஆயினும் எழுதியவர் பெயரை மறைத்து மதிப்பிடும் இதழாக இருந்தால், அனுப்பும் கோப்பில் அந்த முன்வரைவுக்கோ உங்கள் பெயர் தெரியும் கிட்ஹப் பக்கத்துக்கோ இணைப்புத் தராதீர்கள், நன்றியுரையை எடுத்துவிடுங்கள், பிடிஎஃப் கோப்பின் பண்புகளில் பெயர் ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு மட்டும் ஒருபோதும் அனுப்பாதீர்கள். தெரியவந்தால் இரண்டு இடத்திலும் கட்டுரை நிற்காது.

அந்தப் பத்து நாள் மின்னஞ்சலுக்குப் பதிலே எழுத வேண்டாம். தகுதியான மதிப்பாய்வாளர்கள் இணங்கி, படித்து, எழுதித் தருவதற்கே வாரங்கள் ஆகும். நல்ல இதழ்களில் முடிவு வர மாதங்கள் பிடிக்கும். முடிவை முன்கூட்டியே உறுதி சொல்லும் இதழில் மதிப்பாய்வு நடப்பதில்லை. கட்டணம் வாங்கும் இதழ்கள் எல்லாம் போலி என்று நான் சொல்லவில்லை. எவரும் இலவசமாகப் படிக்கத் தரும் திறந்த அணுக்க முறையில் எழுதுபவரிடம் கட்டணம் பெறும் நேர்மையான இதழ்கள் பல உண்டு. ஓர் இதழ் ஸ்கோபஸிலோ வெப் ஆஃப் சயின்ஸிலோ இடம்பெற்றிருப்பதாகச் சொன்னால், இதழின் சொல்லை நம்பாமல் அந்தத் தரவுத்தளத்திலேயே தேடிப் பாருங்கள். பெயர்பெற்ற இதழின் பெயரிலேயே போலி இணையதளம் நடத்துவோரும் இருப்பதால் முகவரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பத்து நாள் இதழில் வெளியாகும் கட்டுரையை நாளைக்குத் திரும்பப் பெறுவதும் எளிதல்ல. வெளியான ஒன்றை வேறு நல்ல இதழுக்கு அனுப்பவும் முடியாது. மூன்று ஆண்டு உழைப்பை அங்கே கொண்டுபோய்ப் புதைக்க வேண்டாம்.

மொழி மாதிரியின் உதவியைப் பற்றிக் கேட்டது நல்லது. கோப் (COPE) எனப்படும் பதிப்பு நெறிமுறைக் குழு, இத்தகைய கருவியை ஆசிரியராகக் குறிப்பிடக் கூடாது என்றும், பயன்படுத்தியிருந்தால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றும் 2023இல் தெளிவாக்கியது. மொழித் திருத்தத்துக்கு மட்டும் என்றால் சில இதழ்கள் அறிவிப்பே கேட்பதில்லை. எனினும் ஒரு வரியில் சொல்லிவிடுவதால் உங்களுக்கு எந்த இழப்பும் இல்லை. அதைவிட முக்கியமானது, கருவி திருத்திய பத்திகளை மூலத்தோடு ஒப்பிட்டுப் படிப்பது: "குறையக்கூடும்" என்று நீங்கள் எழுதியதை அது "குறைகிறது" என்று மாற்றியிருந்தால் உங்கள் கூற்றே மாறிவிட்டது. இல்லாத கட்டுரைகளை இருப்பதுபோல் மேற்கோள் காட்டுவதும் இக்கருவிகளின் வழக்கம் என்பதால், பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள்.

முகப்புக் கடிதம் அரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். மையக் கூற்று ஒரு வாக்கியம், அதற்கான முக்கியச் சான்று ஒரு வாக்கியம், இந்த இதழின் வாசகர்களுக்கு இது ஏன் பயன்படும் என்பது ஒரு வாக்கியம். பிறகு வேறெங்கும் பரிசீலனையில் இல்லை என்ற உறுதி, முன்வரைவு பற்றிய தகவல், நல முரண்கள். நோயாளிகளின் தரவு என்பதால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோ, பொதுத் தரவென்றால் அதன் பயன்பாட்டு உரிமமோ எது பொருந்துகிறதோ அதையும் குறிப்பிடுங்கள். "முன்னோடியான", "புரட்சிகரமான" போன்ற அடைமொழிகளை இதழாசிரியர்கள் நாள்தோறும் பார்த்துச் சலித்திருக்கிறார்கள்.

திருத்தி அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தால், அது பெரிய திருத்தமாக இருந்தாலும் நல்ல செய்தியே. வந்த அன்றே பதில் எழுதாதீர்கள். பிறகு ஒவ்வொரு குறிப்பையும் அப்படியே எடுத்து எழுதி, அதன் கீழே உங்கள் பதிலையும், மாற்றம் எந்தப் பக்கத்தில் எந்த வரியில் இருக்கிறது என்பதையும் தாருங்கள். "வேறொரு மருத்துவமனையின் தரவில் சோதிக்கவில்லையே" என்று ஒருவர் கேட்டால், "இது எங்கள் ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது" என்ற பதில் கதவைச் சாத்துகிறது. "சரியான கேள்வி. இரண்டாவது தொகுப்பு ஒன்றில் சோதித்து, முடிவுகளை அட்டவணை 4இல் சேர்த்துள்ளோம். அங்கே முன்னேற்றம் பாதியாகக் குறைகிறது, அதற்கேற்ப ஆய்வுச் சுருக்கத்தின் கடைசி வாக்கியத்தை மாற்றியுள்ளோம்" என்ற பதில் உங்களை நம்பத்தக்கவராக நிறுத்துகிறது. மதிப்பாய்வாளர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தாலும், அவர் தடுமாறிய பத்தியைத் தெளிவாக்கிவிட்டு அதைத் தெரிவியுங்கள். அதே இடத்தில் வேறு வாசகர்களும் தடுமாறுவார்கள். அவர் கேட்பது உண்மையிலேயே பொருந்தாது என்றால், காரணத்தோடு மறுப்பதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு.

அனுப்பிய பின், அந்த இதழ் தன் பக்கத்தில் குறிப்பிடும் காலம் கடந்தும் தகவல் வராவிட்டால், கட்டுரை எண்ணைக் குறிப்பிட்டு இரண்டு வரியில் நிலையைக் கேட்டு இதழாசிரியருக்கு எழுதலாம். பெரும்பாலும் ஒரு மதிப்பாய்வாளர் தாமதித்திருப்பார். உங்கள் கடிதம் அவருக்கு ஒரு நினைவூட்டலை அனுப்பவைக்கும்.